எதிர்ல வந்த வெளிச்சம்

அப்படிச் சொல்லாதீங்க தம்பி. அந்தக் காருக்காரனை நீங்க பாத்தீங்களா? இல்லையில்ல. அவன் லைட்டைத்தான பாத்தீங்க. வெளிச்சம் பஸ்ஸுக்குள்ள வந்து மூஞ்சில அடிச்சுது, கண்ணை மூடிட்டீங்க, மூடுன கையோட ‘எந்த நாயிடா இது, இவனையெல்லாம் புடிச்சு உள்ள போடோணும்’னு வஞ்சுபோட்டீங்க. டிரைவரும் வஞ்சாரு. நான் வாயைத் தொறக்கலை. ஆனா மனசு கேக்கலைங்க. அவன் எதுக்கு அந்த லைட்டை மாட்டுனான், அவனுக்கு இந்த ரோடு எப்படித் தெரியுது, நமக்கென்ன தெரியும்?

நானும் மாட்டியிருந்தேன். அதுக்குத்தான் சொல்றேன்.

ஆமாங்க, எனக்கும் கார் இருக்குது. இப்ப பஸ்ஸுல போறேன், அது வேற கதை. வேற கதைன்னா, இதே கதைதான். நீங்க எங்க எறங்கோணும்? கடைசி ஸ்டாப்பா? அப்ப சொல்லலாம். நேரம் இருக்குது.

பேரு சென்னியப்பன். வேப்பம்பாளையம் பிரிவுல மோட்டார் வைண்டிங் கடை நம்முளுதுதான். போர் மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா காயில் கட்டித் தர்றது. இந்தப் பக்கம் எந்தத் தோட்டத்துல வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, சென்னியப்பன் கட்டுன காயில்னா மறுபடி எரியாதும்பாங்க. இப்ப கொஞ்ச நாளா கட்டுற வேலையை ஆளுக கையில உட்டுட்டேன். கம்பி முன்ன மாதிரி வர்றதில்லீங்க. ரொம்ப மெலிசு, பளபளப்பே இல்லை. கையில புடிச்சா இருக்குதா இல்லையான்னே தெரியறதில்லை. நியூஸ் பேப்பரும் அப்படித்தான், மசியே ஊத்தறதில்லை. எல்லாத்துலயும் ஏமாத்து.

எனக்கு ஒரே புள்ளை, மோகனா. பெரியகரட்டூர்ல குடுத்திருக்குது. மாப்பிள்ளை லோகேஸ்வரன், தென்னந்தோப்பு, நாலு மாடு, சொந்த டிராக்டர். கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது. கோபம் மட்டும் பொசுக்குனு வரும். கல்யாணமாகி ரெண்டாவது வருசம் புருசன் பொண்டாட்டிக்குள்ள எதோ பேச்சு வளந்து, இவ பையைத் தூக்கிட்டு எங்க ஊட்டுக்கு வந்துட்டா. மாப்பிள்ளை கூப்புட வரலை. நானும் ‘வந்து கூப்புட்டாத்தான் அனுப்புவேன்’னு உக்காந்துட்டேன். நாள் போயிட்டே இருக்குது. எங்க ஊட்டுக்காரி மயிலாத்தா சாமி படத்துக்கு முன்னால உக்காந்து அழுவா.

ஒரு நா சாயங்காலம் வாசல்ல மொபெட்டு சத்தம். பாத்தா எங்க சம்பந்தி நாச்சிமுத்து. பின்னாடி பால் கேனைக் கட்டிக்கிட்டு, அதே பால் வாடையோட வந்து நிக்கறாரு. உள்ள வந்து உக்காந்தாரு, மோரு குடிச்சாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. மோகனாகிட்டத்தான் சொன்னாரு. “அவனுக்காக வர வேண்டாம் சாமி. எனக்காக வா. சொசைட்டிக்குப் பாலை ஊத்திட்டு வந்தா, ‘மாமா, காப்பி குடிக்கறீங்களா’ன்னு கேக்க ஊட்ல ஆளில்லை. உங்க அத்தைக்கு அதெல்லாம் வராது”ன்னாரு. இவ சிரிச்சுப்போட்டா. அழுதுட்டே சிரிச்சா. அப்பவே பையை எடுத்துட்டுக் கெளம்பிட்டா. அந்த மொபெட்டுல கேனுக்கும் அவருக்கும் நடுவுல எப்படித்தான் உக்காந்தாளோ.

அப்படி ஒரு மனுசன். இதை எதுக்குச் சொல்றேன்னா, அவரு மேல எனக்கு என்ன மரியாதைன்னு உங்களுக்குத் தெரியோணும். அதைத் தெரிஞ்சுக்காம மத்ததைக் கேட்டா நீங்களும் ஊர்ல பேசறவிய மாதிரியே நெனைப்பீங்க.

அதுக்கப்புறம் வாரத்துல பாதி நாள் நான் கடையைச் சீக்கிரமாச் சாத்திப்போட்டு மகளைப் பாக்கப் போயிருவேன். எங்கூருக்கும் அவிய ஊருக்கும் நடுவுல வாய்க்கால் ரோடு. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் தோப்பு. ரெண்டு வண்டி எதிரெதிர்ல வந்தா ஒண்ணு ஒதுங்கித்தான் ஆகோணும். ஒரு தெருவிளக்கு கெடையாது.

அந்த ரோட்டுலதான் எம்பட கார் லைட்டு சரியில்லைன்னு எனக்குத் தெரிஞ்சுது. பழைய கார் பாருங்க. பல்பு மஞ்சளா, கோயில் வெளக்கு மாதிரி எரியும். முன்னாடி கண்ணாடி வேற மங்கிப்போச்சு. ஒருக்கா பாலத்துத் திண்டு மேல ஒரசிட்டேன். இன்னொருக்கா மோகனாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டுத் திரும்பறோம், ரோட்டு நடுவுல கன்னுக்குட்டி. இவ “அப்பா!”ன்னு கத்துனதுக்கப்புறந்தான் பிரேக் அடிக்கறேன். கன்னுக்குட்டி நின்னு எங்களையே பாக்குது.

“அப்பா, அது உங்களுக்குத் தெரியலையா?”

“லைட்டு பத்தலை கண்ணு.”

“எனக்கு அவ்வளவு தூரத்துல இருந்தே தெரிஞ்சுதே.”

“உனக்குச் சின்ன வயசு.”

அன்னைலிருந்து புடிச்சுக்கிட்டா. கண்ணைக் காட்டுங்க, கண்ணைக் காட்டுங்க. அவிய ஊர் பள்ளிக்கூடத்துல இலவச கண் முகாம் போட்டாங்க, பேரைக் குடுத்துட்டா. போனேனுங்க. போகாம இல்லை. சுவத்துல எழுத்து அட்டையை மாட்டி வெச்சிருந்தாங்க. அந்த ரூம்புல வெளிச்சமே இல்லை. ஒரு புள்ளை நின்னுக்கிட்டு ‘மேல் வரிசையைப் படிங்கய்யா’ங்குது. ‘மொதல்ல ரூம்புக்கு லைட்டைப் போடு கண்ணு, அப்புறம் படிக்கறேன்’னு சொல்லிப்போட்டு எந்திரிச்சு வந்துட்டேன். லைட்டு எரிஞ்சுட்டுத்தான இருக்குதுன்னு அது பின்னாலயே சொல்லிட்டு வருது. எரிஞ்ச லட்சணம்.

சரி, கோளாறு காருலதான், நாமளே சரி பண்ணிருவோம்னு முடிவு பண்ணுனேன். கரண்டு வேலை நமக்குப் புதுசா? போன்ல வீடியோவா வருதே, அதைப் பாத்தேன். ஒரு பையன் அவன் ஊட்டு வாசல்லயே உக்காந்து மொத்தத்தையும் கழட்டி மாட்டறான். மஞ்ச பல்பை எடுத்துட்டு எல்.ஈ.டி பல்பு, உள்ள உருண்டையா ஒரு லென்சு, தனியா ஒரு ரிலே, தனி வயரு. எல்லாத்தையும் போன்லயே சொல்லி வர வெச்சேன்.

ஞாயித்துக்கெழமை காலைல ஆரம்பிச்சேன். பம்பரைக் கழட்டி, ரெண்டு ஹெட்லைட்டையும் வெளிய எடுத்தேன். அதுல கண்ணாடியையும் டப்பாவையும் பசை போட்டு ஒட்டியிருப்பான். சூடு காட்டுனாத்தான் எளகும். வீடியோல அந்தப் பையன் எதோ மெசினுக்குள்ள வெச்சு சூடு பண்ணுனான். நமக்கு ஏது? தண்ணி காய வெக்கிற அண்டா இருக்குதில்ல, அதுல தண்ணியைக் கொதிக்க உட்டு, மேல பலகையைப் போட்டு, ஆவில வெச்சேன். மயிலாத்தா வந்து பாத்துட்டு, “ஏனுங்க, குளிக்கிற அண்டாவுல கார் லைட்டையா வேக வெக்கிறீங்க?”ன்னா. “புட்டு வேகுது, போயி தேங்காயைத் துருவு”ன்னேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கலை.

பசை எளகுச்சு. திருப்புளியை உட்டு நெம்புனேன், கண்ணாடி தனியா வந்துருச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பேஸ்ட்டு போட்டுத் துடைச்சதுல புதுசாட்ட ஆயிருச்சு. லென்சை உள்ள உக்கார வெச்சேன். பல்புக்குப் பின்னால குட்டியா ஒரு ஃபேன் இருக்குது, ரப்பர் மூடி அதுக்கு மேல மூட மாட்டேங்குது. பிளேடுல ரப்பரை அறுத்து வழி பண்ணுனேன். வயரைப் பேட்டரிலிருந்து நேரா இழுத்தேன். வீடியோல டிம்முக்குன்னு தனியா ஒரு வயரைக் காட்டுனான். அது எனக்குத் தேவைப்படலை. வெளிச்சம் வேணும்னுதான மாட்டறோம், அப்புறம் டிம்மு எதுக்கு? நான் மாட்டுனதுல டிம் போட்டாலும் ப்ரைட் போட்ட மாதிரியே எரியும்.

பொழுது எறங்குனதும் காம்பவுண்டு சுவத்துக்கு நேரா நிறுத்தி சுவிச்சைப் போட்டேன் பாருங்க. அடேயப்பா. சுவத்துல பெயிண்டு வெடிச்சிருந்தது கூடத் தெரியுது. வருசக்கணக்கா அந்தச் சுவத்தைப் பாக்கறேன், அப்படி ஒரு வெடிப்பு இருக்கறதே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். மயிலாத்தாளைக் கூப்புட்டுக் காட்டுனேன். முந்தானைல மூஞ்சியை மூடிக்கிட்டா. “கண்ணு கூசுதுங்க”ன்னா. “கூசோணும். அதுக்குத்தான மாட்டறது”ன்னேன்.

ரோட்டுல எடுத்துப் பாத்தா, வெளிச்சம் பக்கத்துலயே கொட்டுது. தூரமாத் தெரியோணுமில்ல? ஹெட்லைட்டுக்குப் பின்னால ஒரு திருகு இருக்கும். அதைத் திருகுனா வெளிச்சம் மேல ஏறும். ரெண்டையும் ஏத்தி வெச்சேன். எடது பக்கத் திருகு பல்லு ஒடைஞ்சு அப்படியே நின்னுக்கிச்சு, அந்த லைட்டு கொஞ்சம் எச்சாவே மேல பாக்கும். அதனால ஒண்ணும் கெட்டுப்போகலை. தென்னமரத்துல குலை எத்தனை இருக்குதுன்னு எண்ணலாம்.

அப்புறமுங்க, ரோட்டுல எனக்குக் கெடைச்ச மரியாதையே தனி. எதிர்ல வர்றவனெல்லாம் லைட்டை அணைச்சு அணைச்சுப் போடுவான். சில பேரு வண்டியையே ஓரமா நிறுத்திருவான், நான் போனதுக்கப்புறந்தான் எடுப்பான். ஒரு லாரிக்காரன் எறங்கி வந்து கண்டபடி பேசுனான். பொறாமை. வேறென்ன சொல்றது? மோகனா ஒருக்கா உக்காந்து வந்துட்டு, “அப்பா, எதிர்ல வர்றவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதேப்பா”ன்னா. “அவிய கண்ணைக் கொஞ்சம் தாழ்த்திக்கட்டும் கண்ணு, ரெண்டு நிமிசம்”ன்னேன்.

உண்மையைச் சொல்லோணும்னா, அவ்வளவு வெளிச்சத்துலயும் எனக்கு அந்த ரோடு முன்ன மாதிரி தெளிவாத் தெரியலைங்க. கிட்டத்துல வெள்ளையா, பனி மாதிரி இருக்கும். அதுக்கு அக்கட்டால ஒரே கருப்பு. இப்பப் போடற தாரு அப்படி. வெளிச்சத்தையெல்லாம் உறிஞ்சுக்குது.

அந்த நாளைச் சொல்றேன்.

யாரோ தோட்டத்துல இருந்து தட்டப்பயறு பறிச்சுக் குடுத்தாங்க. மோகனாவுக்குப் புடிக்கும். கொண்டுபோயிக் குடுத்தேன். சம்பந்தி ஊட்ல இல்லை, பால் ஊத்த சொசைட்டிக்குப் போயிருந்தாரு. காப்பி குடிச்சேன், மாப்பிள்ளைகூட உரம் வெலையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். வெளக்கு வெக்கிற நேரம் ஆச்சு, கெளம்பிட்டேன். பொழுது உழுந்திருச்சு, முழுசா இருட்டலை. வாய்க்கால் ரோட்டுல ஏறுனதும் லைட்டைப் போட்டேன்.

என்ன பாத்தீங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. நான் ஒண்ணும் பாக்கலை. யாரு வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். எதிர்ல வண்டி வந்துச்சா? வந்திருக்கலாம். வந்தா அவனும் லைட்டுப் போட்டிருப்பானில்ல? மொபெட்டு லைட்டெல்லாம் ஒரு லைட்டா, மின்மினியாட்ட. பாதி வழில ஒரு சத்தம் கேட்டுச்சு. கேன் உருள்ற மாதிரி. தோப்புல மோட்டார் ரூம்பு இருக்குது, அதுக்கு மேல தகரம் போட்டிருப்பாங்க. தென்னமட்டை உழுந்திருக்கும்னு நெனைச்சேன். நெனைக்கறதுக்கு என்ன தப்பு? தென்னந்தோப்புல மட்டை உழுகாதா? கண்ணாடில பின்னால பாத்தேன். ஒண்ணும் தெரியலை. ஊட்டுக்கு வந்து சோறு உண்டுட்டிருந்தேன்.

மோகனாகிட்டிருந்து போன். “மாமாவை வாய்க்கால்ல இருந்து தூக்கிட்டு வந்திருக்காங்கப்பா.” எனக்குச் சோத்துல வெச்ச கை அப்படியே நின்னுபோச்சு. மாப்பிள்ளை போனை வாங்கி, “இப்ப வர வேண்டாம் மாமா. காலைல வாங்க”ன்னாரு. அந்தக் குரல்லயே எதோ இருந்துச்சுங்க. அப்ப எனக்குத் தெரியலை.

காலைல ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனுசனைப் பாக்க முடியலை. இடுப்புல அடி, தொடை எலும்பு முறிஞ்சு கம்பி வெக்கோணும்னாங்க. மூஞ்சியெல்லாம் கல்லுல தேய்ஞ்சு தோலு போயிருக்குது. வாய்க்கால்ல தண்ணி கொறைச்சலா ஓடுன நேரம், அதனால உசுரு பொழைச்சுது. ரொம்ப நேரம் கழிச்சு யாரோ தண்ணி பாச்சப் போனவங்க, கேன் தண்ணில மெதந்து வர்றதைப் பாத்துட்டு தேடியிருக்காங்க.

“எப்படி சம்பந்தி ஆச்சு?”ன்னு கேட்டேன்.

அவரு மோட்டுவளையைப் பாத்துட்டுச் சொன்னாரு. “வெள்ளையா ரெண்டு வந்துச்சுங்க. ஒண்ணு தாழ, ஒண்ணு மேல. அப்புறம் ஒண்ணுமே தெரியலை. வண்டியை ஓரங்கட்டிரலாம்னு திருப்புனேன். ஓரம் எங்க இருக்குதுன்னு தெரியலை. நின்னுருவாங்கன்னு நெனைச்சேன். நிக்கலை.”

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். என்னைய அறியாம கத்திட்டேன். “நிறுத்தாமப் போனவன் மனுசனா அவன்? அவன் கை வெளங்குமா? அவன் கண்ணு அவிஞ்சு போகாதா? அவன் பெத்தது நல்லா இருக்குமா?”ன்னு கேட்டேன். வார்டுல அத்தனை பேரும் திரும்பிப் பாக்கறாங்க. மயிலாத்தா என் கையைப் புடிச்சு இழுக்கறா. மோகனா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. மாப்பிள்ளை என் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கறாரு, கண்ணு இமைக்காம.

நாச்சிமுத்துதான் பேசுனாரு. “அப்படியெல்லாம் சொல்லாதீங்க சம்பந்தி. யாரு பெத்த புள்ளையோ. அதை எதுக்கு வையறீங்க?”

பாத்தீங்களா மனுசனோட கொணத்தை? தன்னைத் தள்ளி உட்டவன் புள்ளைக்காகப் பேசறாரு.

மோகனா என்னை வெளிய கூட்டிட்டு வந்தா. மருந்துக்கடைக்கு முன்னால நின்னுட்டு, “அப்பா, நேத்து நீங்க எந்த ரோட்டுல போனீங்க?”ன்னு கேட்டா.

“வாய்க்கால் ரோட்டுலதான். வேற ரோடு ஏது?”

“எதிர்ல மாமாவைப் பாக்கலையா?”

“பாத்திருந்தா நிறுத்திப் பேசியிருக்க மாட்டனா?”

“நீங்க போனதும் அவரு வர்றதும் ஒரே நேரந்தானப்பா.”

எனக்குப் புரிஞ்சுபோச்சு அவ எங்க வர்றான்னு. பெத்த மக. தூக்கி வளத்த மக. “அந்த ரோட்டுல நான் ஒருத்தன்தான் காரு ஓட்டறனா?”ன்னு கேட்டேன். அவ எதிர்ல இருந்த சுவத்தைப் பாத்துட்டே நின்னா.

அப்புறம் அது ஊரெல்லாம் பரவிப்போச்சு. கடைக்கு வர்றவன் எம்பட காரைச் சுத்திச் சுத்திப் பாக்கறான். டீக்கடைல நான் போனா பேச்சை நிறுத்தறாங்க. போலீசுல எழுதிக் குடுக்கறேன்னு மாப்பிள்ளை லோகு குதிச்சிருக்காரு. “யாருன்னு எழுதுவே? வெளிச்சம்னு எழுதுவியா?”ன்னு சம்பந்தி தடுத்துட்டாராம். இது எனக்கு மயிலாத்தா சொல்லித்தான் தெரியும். அவகிட்ட மோகனா சொல்லியிருக்கா. எங்கிட்ட மக சரியாப் பேசறதே நின்னுபோச்சு. போன் பண்ணுனா, “சாப்புட்டீங்களாப்பா”ம்பா. அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. “மாமாவுக்கு எப்படி இருக்குது”ன்னா, “இருக்குதுப்பா”ம்பா.

எத்தனை நாள் பொறுக்கறது தம்பி? ஒரு நா நேராப் போயிட்டேன். அப்ப அவரு ஆஸ்பத்திரில இருந்து வந்து ஊட்ல கட்டல்ல கெடக்கறாரு. மாப்பிள்ளையை வாசல்ல நிறுத்திக் கேட்டேன். “மனசுல இருக்கறதை மூஞ்சிக்கு நேராச் சொல்லுங்க மாப்பிள்ளை. நான்தான் உங்கப்பாவைத் தள்ளுனேன்னு நெனைக்கிறீங்களா?” அவரு, “நான் ஒண்ணும் சொல்லலையே மாமா”ன்னாரு. “சொல்லாம இருக்கறதுதான் கொல்லுது”ன்னு கத்துனேன். மோகனா கதவுகிட்ட நின்னு பாக்கறா. யாரு பக்கம் வர்றதுன்னு தெரியாம நெலவுக்காலைப் புடிச்சுட்டு நிக்கறா.

உள்ள இருந்து சம்பந்தி கூப்புட்டாரு. போனேன். “கத்தாதீங்க சம்பந்தி. நான் எந்திரிச்சு நிக்கட்டும். நின்னதும் சொல்லி அனுப்பறேன். அன்னைக்கு மாதிரியே பொழுது உழுகற நேரம் பாத்து உங்க காரைக் கொண்டாங்க. நான் பாத்துச் சொல்றேன். அத்தோட இந்தப் பேச்சு முடியட்டும்”ன்னாரு.

எனக்கு அவ்வளவு நிம்மதி. பழி தீந்துரும். அதுவரைக்கும் அந்த லைட்டுல நான் கை வெக்கலை. எடுத்தாத்தான சந்தேகம் வரும்? மயிலாத்தா மட்டும் தெனமும் சொல்லுவா, “கழட்டிப் போடுங்க”ன்னு. “தப்புப் பண்ணாதவன் எதுக்குக் கழட்டோணும்?”னு கேப்பேன். அவ அடுப்படிக்குப் போயிருவா.

சொல்லி அனுப்புனாரு. போனேன். காரைக் கழுவி, தொடைச்சு, நான் மட்டும் போனேன்.

அவிய ஊட்டு வாசல்ல நீளமாக் களம் இருக்குது. அந்தக் கோடில காரை நிறுத்தச் சொன்னாரு மாப்பிள்ளை. இந்தக் கோடில சம்பந்தி. நாலு கால் வெச்ச இரும்பு ஸ்டாண்டு, அதைப் புடிச்சுட்டு நிக்கறாரு. வேட்டி மடிப்புக் கலையாம, புதுசு கட்டியிருந்தாரு. ஒரு பக்கம் லோகு, ஒரு பக்கம் மோகனா. சம்பந்தியம்மா மாட்டுக்கொட்டாய்கிட்ட நின்னுட்டாங்க, பக்கத்துல வரலை. வெளிச்சம் மங்குற வரைக்கும் எல்லாரும் சும்மா நிக்கறோம். மாடு ஒண்ணு மட்டும் கத்திட்டே இருந்துச்சு, அன்னைக்குப் பால் கறக்க நேரமாயிருச்சு போல.

சம்பந்தி கையைத் தூக்கிக் காட்டுனாரு, போடுங்கன்னு.

போட்டேன்.

நான் காருக்குள்ள உக்காந்திருக்கேன். களம் பூராவும் வெள்ளையாயிருச்சு. அந்த மனுசனோட மூஞ்சியை அன்னைக்குத்தான் தம்பி நான் அவ்வளவு தெளிவாப் பாத்தேன். நரைச்ச தாடி முடி ஒண்ணொண்ணும் தெரியுது. கன்னத்துல தோல் போன எடம் செகப்பாத் தெரியுது. வாய் தொறந்திருக்குது, சத்தம் வரலை. ரெண்டு கையும் தூக்கி மூஞ்சியை மூடுனாரு. மூடுனா ஸ்டாண்டு சாயாதா? அது ஒரு பக்கம் போயி உழுந்துச்சு. அவரு பின்னால சாயறாரு, லோகு அள்ளிப் புடிச்சுட்டாரு. மோகனா, “அணைங்கப்பா! அணைங்க!”ன்னு கத்தறா. சுவிச்சு எங்க இருக்குதுன்னு தடவறேன். நானே மாட்டுன சுவிச்சு.

அணைச்சேன். எறங்கிப் போனேன். அவரு மகன் மேல சாஞ்சுட்டு நிக்கறாரு, கண்ணு இன்னும் மூடியே இருக்குது. ஒடம்பு பூரா ஆடுது. வயசாச்சில்ல, கம்பி வெச்ச காலு வேற.

கண்ணைத் தொறக்காமச் சொன்னாரு. “இது இல்லீங்க.”

லோகு, “அப்பா...”ன்னாரு.

“இது இல்லை லோகு. அது வேற. இது இல்லை.” ரெண்டு வாட்டி சொன்னாரு. அப்புறம் கையை நீட்டித் துழாவி, மோகனா கையைத் தேடிப் புடிச்சுக்கிட்டு, “சம்பந்திக்குக் காப்பி வெச்சுக் குடு சாமி”ன்னாரு.

கேட்டீங்கில்ல? உழுந்தவரே சொன்னது. நாலு பேருக்கு முன்னால சொன்னது. இது இல்லைன்னுட்டாரு.

உள்ள போயி காப்பி குடிச்சோம். மோகனா டம்ளரை என் கையில குடுக்கலை, பக்கத்துல வெச்சுட்டுப் போயிட்டா. சக்கரை போடவே இல்லை, மறந்துட்டா போல. நானும் கேக்கலை. பழி தீந்துபோச்சுன்னா சந்தோசம் வரோணுமில்ல? ஊட்ல ஒரு சாவு ஆன மாதிரி உக்காந்திருக்கோம். லோகு என்னைப் பாக்கவே இல்லை. அவிய அப்பாவோட காலைப் புடிச்சு உட்டுட்டே இருந்தாரு.

போயிட்டு வரேன்னு எந்திரிச்சேன். காருல போயி உக்காந்தேன். முன்னால களம், அந்தக் கோடில அந்த இரும்பு ஸ்டாண்டு சாஞ்ச மேனிக்கே கெடக்குது. யாரும் எடுக்கலை. சாவியைப் போட்டேன். போட்டு... திருப்பலைங்க. எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியலை. எறங்கி வந்து, “பேட்டரி எறங்கிருச்சு போல மாப்பிள்ளை”ன்னேன்.

லோகு சட்டுனு எந்திரிச்சாரு, பாக்கறேன்னு. சம்பந்தி கட்டல்ல இருந்துட்டே, “உடு லோகு. பழைய பேட்டரின்னா எறங்கத்தான் செய்யும். அவிய பஸ்ஸுல போகட்டும், காரு இங்கயே நிக்கட்டும்”ன்னாரு. சாவியை நீட்டுனேன். மோகனா வாங்கிக்கிட்டா. வாங்கும்போதுதான் அவ என்னை நேராப் பாத்தா. பஸ் ஸ்டாப் வரைக்கும் லோகு கூட வந்தாரு. டார்ச்சு அடிச்சுட்டு, மேடு பள்ளம் பாத்து, “இங்க கல்லு மாமா, இங்க படி மாமா”ன்னு சொல்லிட்டே வந்தாரு.

அதுல இருந்து பஸ்ஸுதான். காரு அங்கயே நிக்குது. மேல தென்னம்பூவா கொட்டிக் கெடக்குது, டயர்ல காத்து எறங்கிப்போச்சு. லோகு டிராக்டரையே தனியாப் பிரிச்சு மாட்டற ஆளு. இத்தனை நாள்ல ஒரு நா கூட பேட்டரி என்னாச்சுன்னு பானட்டைத் தொறந்து பாக்கலை. நான் வாராவாரம் போறேன். சம்பந்திகிட்ட உக்காந்திருப்பேன். தேங்கா வெலை, மாட்டுக்குத் தீவனம், எதையாவது பேசுவோம். இப்பக் குச்சி ஊணி நடக்கறாரு. பால் ஊத்த லோகு போறாரு. வெயில் தாழ்ந்ததும், “கெளம்புங்க சம்பந்தி, பொழுது எறங்குது”ன்னு அனுப்பி வெச்சுருவாரு. அவ்வளவு அக்கறை.

இன்னைக்கு நானே கேட்டுப் பாத்தேன். “சம்பந்தி, காரை எடுத்துட்டுப் போயிரட்டுங்களா? எடஞ்சலா நிக்குதே”ன்னேன். அவரு என்னைப் பாத்தாரு. “பேட்டரி எறங்கிக் கெடக்குதுங்களே சம்பந்தி. கெடக்கட்டும்”ன்னாரு. மோகனா அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தா. அவ கையில இருந்த வாளி அப்படியே நின்னுச்சு. நான், “ஆமாங்க, எறங்கித்தான் கெடக்குது”ன்னேன். அதுக்கப்புறந்தான் அவ வாளியைக் கீழ வெச்சா.

பேட்டரிக்கு ஒண்ணும் இல்லைங்க தம்பி. நல்ல பேட்டரி. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த ஊட்ல எல்லாருக்கும் தெரியும்.

நீங்க எதுக்கு இப்படிப் பாக்கறீங்க? சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்? உழுந்து கெடந்த மனுசனே கண்ணை மூடிக்கிட்டு இது இல்லைன்னு சொல்லிப்போட்டாரு. அதுக்கப்புறம் நான் போயி நின்னு ஆமாங்கன்னு சொன்னா, அவரு சொன்னதுக்கு என்னங்க மரியாதை?